அந்த கிட் இப்ப எங்க வீட்டுலதான் இருக்கு

போன வெள்ளிக்கிழமை நம்ம நீலகிரி தேயிலைத் தோட்டப் பக்கத்து அரசுப் பள்ளி மீட்டிங்ல என்ன நடந்துச்சுன்னு இங்க பாதி பேருக்குத் தெரியும், ஆடியோ வேற வாட்ஸ்அப்ல சுத்திடுச்சு, அதனால முதல்ல இருந்து சொல்லப் போறதில்ல. ஸ்கூல் பேர் எழுத மாட்டேன், பேசினவர் பேரும் எழுத மாட்டேன், கமெண்ட்ல நீங்களும் தயவுசெஞ்சு எழுதாதீங்க. பழைய மாணவர்கள் பதினோரு பேர் காசு போட்டு வாங்கிக் குடுத்த கிரிக்கெட் கிட் பைய (பேடு, ஹெல்மெட், பந்து எல்லாம் அதுல இருக்கு) ஸ்கூல்ல "வேண்டாம், எடுத்துட்டுப் போயிடுங்க"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. அதக்கூட தாங்கிக்கலாம். "தோட்டத்துப் புள்ளைங்க பாஸ் ஆனாப் போதும், இவங்களுக்கு எதுக்கு கிரிக்கெட்டு"ன்னு ஒரு வார்த்தை விழுந்துச்சு பாருங்க, அதுக்காகத்தான் ராத்திரி பதினொன்னரை மணிக்கு உக்காந்து இத டைப் பண்றேன்.

நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். கிரிக்கெட்ட ஸ்கூலுக்குள்ள கொண்டு வாங்க. பி.டி பீரியட்ல, பி.டி சார் கண்ணு முன்னாடி, நோட்டுல பேர் எழுதி, ஒழுங்கா சொல்லிக் குடுங்க. அவ்ளோதான்.

"பசங்க எந்நேரமும் அதத்தானே ஆடிட்டு இருக்கானுங்க, அதப் போய் ஸ்கூல்ல வேற சொல்லிக் குடுக்கணுமா"ன்னு மீட்டிங்லயே ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி மாதிரிதான் இருக்கும். ஆனா எத ஆடுறாங்கன்னு பாத்திருக்கீங்களா? லைன் வீட்டுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளிங்க வரிசை வீட்டுக்கு முன்னாடி பத்தடி அகலத்துல, ஒரு பக்கம் சுவரு, இன்னொரு பக்கம் பள்ளம். தேயிலைக்குள்ள நேரா விழுந்தா அவுட்டு. ஒரு தடவ தரையில குத்தி வர்ற ஒன் பிட்ச் கேட்ச்சும் அவுட்டு. பந்து தொலைச்சவன் பந்து வாங்கித் தரணும், அதனால எவனும் ஓங்கி அடிக்க மாட்டான். கையில இருக்கிறது டென்னிஸ் பந்து, அது 58 கிராம் சுமாருக்கு இருக்கும். மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்குற செலக்‌ஷன்ல குடுக்குற லெதர் பந்து 156 கிராம்ல ஆரம்பிச்சு 163 வரைக்கும் போகும். கிட்டத்தட்ட மூணு மடங்கு. தையல் எப்படிப் பிடிக்கிறது, ஒரு பக்கத்த மட்டும் ஏன் தேய்ச்சுகிட்டே இருக்காங்க, பேடு கட்டிகிட்டு எப்படி ஓடுறது, இதெல்லாம் லைன் வீட்டு வாசல்ல யாரு சொல்லிக் குடுப்பா? ரெண்டும் ஒரே விளையாட்டுன்னு சொல்றவங்க லெதர் பந்த ஒரு தடவயாச்சும் கையில வாங்கிப் பாத்திருக்க மாட்டாங்க.

நான் வாங்கிப் பாத்தேன். 2000ல, பத்தாவது படிக்கும்போது, ஊட்டியில மாவட்ட செலக்‌ஷன். எங்க லைன்ல என்ன மாதிரி வேகமா போடுறவன் கிடையாது, எடது கை வேற, பெரிய அண்ணன்மார் டீமுக்கே என்னக் கூப்பிடுவாங்க. அம்மா கொழுந்துக் காசுல இருந்து எடுத்துக் குடுத்தாங்க, விடியக்கால பஸ்ஸ புடிச்சு, நடுவட்டம் ஏறும்போது மூடுபனியில ரோடே தெரியல, வயித்தப் பொரட்டுச்சு, ஆனா மனசுக்குள்ள அவ்ளோ சந்தோஷம். அங்க போனா ஊட்டி, குன்னூர் போர்டிங் ஸ்கூல் பசங்க வெள்ள டிரஸ்ல, ஆளுக்கொரு பை, உள்ள ரெண்டு பேட்டு. நான் ஸ்கூல் பேண்ட்டு, கேன்வாஸ் ஷூ. பந்தக் கையில குடுத்தாங்க. அதுதான் வாழ்க்கையில முதல் தடவ. கல்லு மாதிரி இருந்துச்சு, விரலு எங்க வைக்கிறதுன்னே தெரியல. முதல் பந்து பேட்ஸ்மேன் தலைக்கு மேல போச்சு. ரெண்டாவதும் அப்படியே. அஞ்சாவது பந்துதான் கொஞ்சம் கட்டுக்குள்ள வந்துச்சு, ஆறாவது நல்லாவே விழுந்துச்சு, ஆனா ஆறு பந்துதான் ஒருத்தனுக்கு. அந்த சார் கெட்டவர் இல்ல. "தம்பி, எந்த ஸ்கூலு, கோச் யாரு?"ன்னு அன்பாத்தான் கேட்டார். கோச்சுங்கிற வார்த்தைக்கு என்கிட்ட பதில் இல்ல. திரும்பி வர்ற பஸ்ல ஜன்னல் பக்கமா திரும்பி உக்காந்துகிட்டேன், வீடு வர்ற வரைக்கும் யாரையும் பாக்கல. அம்மாகிட்ட மழை, செலக்‌ஷனே நடக்கலன்னு பொய் சொன்னேன்.

ஆறு பந்துக்குள்ள கத்துக்கிட்டேன் பாருங்க, அதுதான் இன்னிக்கும் வலிக்குது. அந்த ஆறு பந்த ஆறாம் வகுப்புலயே ஸ்கூல்ல போட்டிருந்தா?

"திறமை இருக்கிறவன் எங்க இருந்தாலும் மேல வருவான், நடராஜன் வரலையா"ன்னு ஒரு நண்பர் நேத்து மெசேஜ் போட்டிருந்தார். சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில இருந்து வந்து இந்தியாவுக்குப் பந்து போட்ட நடராஜன எனக்கும் ரொம்பப் பிடிக்கும். 2020-21 ஆஸ்திரேலியா டூர்ல ஒரே பயணத்துல டெஸ்ட், ஒன்டே, டி20ன்னு மூணு ஃபார்மட்லயும் அறிமுகமானவரு. ஆனா அவரு கிட்டத்தட்ட இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பந்துலதான் ஆடினாரு, ஊர்ல ஒரு அண்ணன் கையப் புடிச்சு சென்னைக்குக் கூட்டிட்டுப் போனதாலதான் லெதர் பந்தயே பாத்தாரு. அந்த அண்ணன் இல்லாத ஊரு எத்தன இருக்கு? வந்த ஒருத்தர சொல்றீங்க, வராமப் போனவங்கள எண்ண யாரும் இல்ல. சொந்தக் காசுல ஊர்ல கிரவுண்டு கட்டியிருக்காரே நடராஜன், எதுக்குக் கட்டினாரு? அடுத்த பையன் இருபது வயசு வரைக்கும் காத்துட்டு இருக்கக் கூடாதுன்னுதானே.

எங்க தாத்தா இலங்கையில கண்டிப் பக்கம் தோட்டத்துல பொறந்தவரு. அங்க இருந்த இந்திய வம்சாவளித் தொழிலாளிங்கள இந்தியாவுக்கு அனுப்பின சாஸ்திரி சிறிமாவோ ஒப்பந்தத்துல, எழுபதுகள்ல, ஒரு டிரங்குப் பெட்டியோட இங்க வந்து டேன்டீங்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன்ல குடியேறினவரு. 1996 வேர்ல்ட் கப் ஃபைனல், லாகூர்ல இலங்கை ஆஸ்திரேலியாவ ஜெயிச்ச மேட்ச், லைன்ல இருந்த ஒரே டிவி முன்னாடி நாப்பது பேரு. முரளி பந்து போட வரும்போதெல்லாம் தாத்தா "நம்ம கண்டிப் புள்ள, நம்ம கண்டிப் புள்ள"ன்னு சொல்லிகிட்டே இருந்தாரு. அப்ப எனக்குப் புரியல. அப்புறம் பெரியவனாகிப் படிச்சுத் தெரிஞ்சுகிட்டேன், முரளிதரன உருவாக்கினது கண்டி புனித அந்தோனியார் கல்லூரி, ஒரு ஸ்கூலு. வேகமா போட்டுட்டு இருந்த பையன, பதினாலு வயசு வாக்குல, ஸ்கூல் கோச் "நீ ஆஃப் ஸ்பின் போட்டுப் பாரு"ன்னு மாத்தி விட்டாரு. அதுல இருந்து வந்ததுதான் 800 டெஸ்ட் விக்கெட்டு. அந்த ஊர்ல ஸ்கூல் கிரிக்கெட்டுக்கு இருக்கிற மரியாதையே வேற. கொழும்புல ராயலும் செயின்ட் தாமஸும் 1879ல இருந்து மோதுறாங்க. யாழ்ப்பாணத்துல மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ல ஆரம்பிச்ச மேட்சு, வடக்கின் பெருஞ்சமர்னு அதுக்குப் பேரு, போர்ல சில வருஷம் நின்னு போயும் இன்னிக்கும் ஊரே திரண்டு பாக்குது. அது காசுக்கார ஸ்கூலுங்கன்னு சொல்லுவீங்க. சரி. அதனாலதான் அரசுப் பள்ளியில வேணும்னு கேக்குறேன். காசு இருக்கிறவனுக்கு அகாடமி இருக்கு, மாசா மாசம் ஃபீஸ் கட்டிடுவான். கொழுந்து எடுக்கிற அம்மாவோட புள்ளைக்கு ஸ்கூல விட்டா வேற எதுவும் இல்ல.

இலங்கை தூரம்னா, பாட்டவயல் செக்போஸ்ட்ட தாண்டிப் போய்ப் பாருங்க. கேரளாவோட வயநாடு. நம்மள மாதிரியே மலை, அதே மழை, அதே அட்டைப் பூச்சி. மானந்தவாடியில குறிச்சியா பழங்குடிப் பொண்ணு மின்னு மணி, பசங்களோட வயல்ல ஆடிட்டு இருந்த புள்ள. அரசு ஸ்கூல் பி.டி டீச்சர் ஒருத்தங்க கண்ணுல பட்டதாலதான் முறையா ஆட வந்துச்சு. 2023 ஜூலையில பங்களாதேஷ்ல இந்தியாவுக்காக முதல் மேட்ச், முதல் ஓவர்லயே விக்கெட். கேரளாவுல இருந்து இந்தியப் பெண்கள் டி20 டீமுக்குப் போன முதல் ஆளு. இப்ப மானந்தவாடியில மைசூர் ரோடு ஜங்ஷனுக்கே அந்தப் புள்ள பேரு. அதே ஊரு சஜனா, அப்பா ஆட்டோ ஓட்டுறவரு, 2024 டபிள்யூபிஎல்ல, அதான் பெண்கள் பிரீமியர் லீக்ல, மும்பைக்கு கடைசிப் பந்துல அஞ்சு ரன் வேணும்கிறப்ப சிக்ஸ் அடிச்சுச்சு. கல்பெட்டா பக்கம் ஜோஷிதா, 2025ல அண்டர் 19 வேர்ல்ட் கப் ஜெயிச்ச டீம்ல இருந்துச்சு. மூணு பேரும் ஒரே ஜில்லா! வயநாட்டுல இருக்கிற கிருஷ்ணகிரியில ஒரு ஸ்டேடியம் கட்டினாங்க, 2019ல ரஞ்சி செமிஃபைனலே அங்க நடந்துச்சு, நாங்க பைக்ல போய்ப் பாத்துட்டு வந்தோம். செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற புள்ளைங்க கைல என்ன குறை? சொல்லுங்க யாராச்சும்.

இடம் இல்லன்னு சொன்னாங்க. இத மட்டும் நான் ஒத்துக்கவே மாட்டேன். எல்லா ஸ்கூல்லயும் வாலிபால் கோர்ட் இருக்குல்ல, அது 18 மீட்டர் நீளம். கிரிக்கெட் பிட்ச் 20.12 மீட்டர். பின்னால ஓடி வர்றதுக்கு இன்னும் கொஞ்சம் இடம், சுத்தி வலை, கீழ ஒரு கயிறு மேட்டு. மேட்ச் ஆடத்தான் பெரிய கிரவுண்டு வேணும், கத்துக்கறதுக்கு ஒரு நெட்டு போதும். அடி படும்னு சொன்னாங்க. படும், இல்லன்னு சொல்லல, அதுக்குத்தான் ஹெல்மெட் ரெண்டு வாங்கிக் குடுத்தோம், அண்டர் 13க்குன்னு 133ல இருந்து 144 கிராம் வரைக்கும் எடை கம்மியான பந்து தனியா வருது, அதத்தான் தேடி வாங்கினோம். யாரும் அந்த டப்பாவப் பிரிச்சுக்கூட பாக்கல.

இன்னொரு விஷயம், வெளியூர்ல இருந்து வந்து நமக்கு யோசனை சொல்றவங்களுக்கு இது புரியவே புரியாது. நம்ம பக்கம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல புள்ளைங்கள வெளிய விட முடியுமா? யானை எந்த வளைவுல நிக்கும்னு தெரியாது, சிறுத்தைப் பயம் வேற. ஸ்கூல் விட்டு நடந்து வீடு சேரவே அஞ்சரை ஆயிடுது. "விளையாட்டெல்லாம் வீட்டுக்குப் போய் வெச்சுக்கட்டும்"னு ஈசியா சொல்லிட்டீங்க. எங்க வெச்சுக்கறது? காம்பவுண்டு சுவரு இருக்கிற, வாத்தியார் இருக்கிற, வெளிச்சம் இருக்கிற ஒரே இடம் ஸ்கூல்தான்.

படிப்பு கெட்டுடும்னு சொல்றவங்களுக்கும் சொல்லிடுறேன். எனக்கு தசமம் புரிஞ்சதே ஸ்கோர் நோட்டுலதான். ஒரு ஓவருக்கு ஆறு பந்து, அதனால 7.3 ஓவர்னா ஏழு ஓவரும் மூணு பந்தும், ஏழரை ஓவர், 7.3ஆல வகுத்தா ரன் ரேட்டு தப்பா வரும், ஏன்னு ஒரு அண்ணன் மண்ணுல குச்சியால எழுதிக் காட்டினாரு, அன்னிக்குப் புரிஞ்சது இன்னி வரைக்கும் மறக்கல. ஆட வராத புள்ள ஸ்கோர் எழுதட்டும், அம்பயர் நிக்கட்டும்.

ஃபுட்பால் நண்பர்கள் கோவிச்சுக்காதீங்க. கிரிக்கெட் எல்லாத்தையும் முழுங்குதுன்னு நீங்க சொல்றது பல இடத்துல உண்மைதான், கபடிக்கும் ஹாக்கிக்கும் நடந்தது எனக்கும் வருத்தம்தான். ஆனா நம்ம ஊர்ல ஏழு பேர் ஆடுற செவன்ஸ் ஃபுட்பால்னா ஊரே கூடும், மலப்புறத்துல இருந்து ஆள் இறக்குறோம். இங்க கிரிக்கெட்டு முழுங்குற நிலைமையிலயா இருக்கு? அதுவும் இருக்கட்டும், இதுவும் இருக்கட்டும்னுதானே சொல்றேன். ஒண்ண வெச்சு இன்னொண்ணத் தடுக்காதீங்க.

வருஷா வருஷம் பெரியவங்க டோர்னமெண்ட்டுக்கு ஃபிளெக்ஸ், மைக் செட்டு, எவர்ரோலிங் டிராஃபி, பிரைஸ் மணின்னு எவ்ளோ செலவு பண்றோம், எல்லாக் கட்சிக்காரங்களும் குடுக்குறாங்க, நானும் குடுத்திருக்கேன். அதுல பன்னெண்டு வயசுப் புள்ளைக்குன்னு ஒரு பந்து வாங்கியிருக்கோமா? என்னையும் சேத்துதான் கேக்குறேன்.

2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸ்ல கிரிக்கெட் வருது. 1900க்கு அப்புறம் முதல் தடவ. ஆணும் ஆடுறாங்க, பொண்ணும் ஆடுறாங்க. நம்ம புள்ளைங்க அங்க போவாங்கன்னு நான் சொல்லல. எத்தன பேரு மேல போவாங்கன்னு என்னக் கேக்காதீங்க, ஒருத்தருமே போகாமக்கூட இருக்கலாம். இவங்களுக்கு எதுக்குன்னு கேட்டீங்க பாருங்க, அந்த "இவங்க"தான் எனக்குத் தொண்டையில நிக்குது. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு நாங்க இங்க வந்து. எங்க தாத்தாவ சிலோன்காரன்னாங்க, எங்க அம்மாவ தோட்டத்துப் பொம்பளன்னாங்க, என்ன தோட்டத்துப் பையன்னாங்க, இப்ப என் தம்பி மகளுக்கும் அதே வார்த்தையா? பாஸ் ஆனாப் போதுமாம். யாரு போதும்னு சொல்றது? எங்க புள்ளைக்கு எது போதும்னு எங்களக் கேக்காம எப்படி முடிவு பண்றீங்க?

கோவத்துல ரெண்டு வரி கூடுதலா எழுதியிருந்தா மன்னிச்சுக்கங்க. எச்.எம். மேல எனக்குத் தனிப்பட்ட கோவம் இல்ல, அவங்களுக்கு மேல எத்தன பேரோ. பி.டி சார் மீட்டிங்ல தலையக் குனிஞ்சுகிட்டே இருந்தாரு, வெளிய வந்து என் கையப் புடிச்சாரு, ஒண்ணும் பேசல.

கிட் எங்க வீட்டுல கட்டிலுக்கு அடியில இருக்கு. நேத்து சாயங்காலம் தம்பி மக வந்து பையத் தொறந்து, பேடு ரெண்டையும் கட்டிப் பாத்தா, இடுப்பு வரைக்கும் வந்துச்சு. "பெரியப்பா, இத எப்ப ஸ்கூலுக்குத் திருப்பிக் குடுப்பீங்க?"ன்னு கேட்டா. வர்ற திங்கக்கிழமை காலையில ஒம்பதரைக்கு நான் மறுபடியும் எடுத்துட்டுப் போறேன். அந்த பதினோரு பேர்ல ஏழு பேரு வர்றேன்னு சொல்லியிருக்காங்க. அந்த ஸ்கூல்ல புள்ள படிக்கிற அம்மா அப்பா யாரு வந்தாலும் நல்லது, தோட்டத்துல அரை நாள் லீவு கெடைக்கலன்னா ஒரு பேப்பர்ல "எங்க புள்ள ஆடட்டும்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டு புள்ளைகிட்ட குடுத்து விடுங்க. கைநாட்டா இருந்தாலும் சரி.