டூலோஸ் ஹோட்டலானதில் என்ன தப்பு?

போன சனிக்கிழமை சபையிலிருந்து இருபது பேர் சிங்கப்பூரின் தானா மேராவில் ஃபெரி ஏறி, இந்தோனேசியாவின் பிந்தான் தீவுக்குப் போய், ஒரு காலத்தில் துறைமுகம் துறைமுகமாகப் புத்தகம் விற்றுக் கிறிஸ்தவ ஊழியம் செய்த டூலோஸ் கப்பலைப் பார்த்துவிட்டு வந்தோம். கப்பல் இப்போது தண்ணீரில் இல்லை. நங்கூர வடிவில் கடலைத் தூர்த்து, அந்த நிலத்தின்மேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறார்கள். 2019 முதல் ஹோட்டல்.

ஏறும்போதே முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. "ஊழியம் செஞ்ச கப்பலை ரூம் போட்டு வாடகைக்கு விட்டுட்டாங்களே" என்றார் ஓர் அண்ணன். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1914இல் அமெரிக்காவில் கட்டியபோது இது மெடினா என்ற சரக்குக் கப்பல். அப்புறம் ரோமா, அதற்கப்புறம் ஃபிராங்கா சி என்று பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது. 1977இல்தான் ஊழியத்துக்கு வாங்கி, டூலோஸ், அதாவது கிரேக்கத்தில் அடிமை, என்று பெயர் வைத்தார்கள். 2009 கடைசியில் புதிய பாதுகாப்பு விதிகளுக்கும் பழுதுபார்ப்புக்கும் ஆகும் செலவு கட்டுப்படியாகாமல் ஓட்டம் நின்றது. மறு வருடம் ஒரு சிங்கப்பூர் வியாபாரி வாங்காமல் போயிருந்தால், இந்நேரம் பழைய இரும்பு விலைக்குப் போயிருக்கும்.

என் வருத்தமெல்லாம் எங்கள் குழுவைப் பற்றித்தான். வந்ததும் செல்ஃபி, அப்புறம் சாப்பாடு. கப்பலின் வெளித்தகடுகளில் வரிசை வரிசையாக ரிவெட்டுகள், அதாவது தகடுகளை இணைக்கும் ஆணிகள், இருக்கின்றன. வெல்டிங் பரவாத காலத்து வேலை. ஒவ்வொன்றையும் பழுக்கக் காய்ச்சி, சூடு ஆறுவதற்குள் அடித்து இறுக்கியிருக்கிறார்கள். பெயிண்டுக்கு மேல் பெயிண்ட் ஏறி, சட்டைப் பொத்தான் மாதிரி மொழுமொழுவென்று ஆகிவிட்டன. தடவிப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டேன். இரண்டு பிள்ளைகள்தான் வந்தார்கள்.

இதில் வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் கிடையாது. கேப்டன் முதல் சமையல்கட்டு வரை எல்லாரும் தொண்டர்கள். 1991இல் பிலிப்பைன்ஸின் சம்போவாங்காவில் இவர்கள் நடத்திய நிகழ்ச்சியில் யாரோ குண்டு வீச, குழுவிலிருந்த இரண்டு பெண்கள் இறந்துபோனார்கள். அவர்களுக்காக ஒரு நிமிடம் நின்று ஜெபிக்கலாம் என்று சொல்லலாமா என யோசித்தேன். பஃபேயில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நானும் தட்டை எடுத்துக்கொண்டு போனேன், பொய் சொல்வானேன்.

ஓர் அக்கா மட்டும் சாப்பிட வரவில்லை. சின்ன வயதில், கப்பல் சிங்கப்பூர் வந்திருந்தபோது, அப்பா கையைப் பிடித்துக்கொண்டு இதில் ஏறி ஒரு படக்கதை பைபிள் வாங்கியவர். நான் சாப்பிட்டுத் திரும்பி வந்தபோது, அவர் மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். "புத்தகமெல்லாம் இந்தப் பக்கம்தான் அடுக்கியிருந்தாங்க" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்ல, அந்தப் பக்கமோ?" என்று மறுபுறம் நடந்தார்.