காசு கட்டினால்தான் அமைதியா?

பெரியப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்குப் பேசிவிட்டீர்கள். "ஒரு விளம்பரத்துக்கு ஏன் இவ்வளவு கோபம்?" என்று கேட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போனில் யூடியூபில் சிவபுராணம் ஓடிக்கொண்டிருந்தது. பெரியம்மா கண்ணை மூடிக் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருத்தன் "ஐந்தே நிமிடத்தில் கடன்!" என்று கத்தினான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் தெருவுக்கே கேட்டது. பெரியப்பா கடன் வாங்கியிருந்தவர்களும் அதே பந்தலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். பெரியம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

"மாதாமாதம் பணம் கட்டினால் விளம்பரம் வராதே, கட்டிவிட வேண்டியதுதானே" என்கிறார் ஒரு நண்பர். போனுக்குக் காசு கொடுத்தாயிற்று. டேட்டாவுக்கும் கொடுத்தாயிற்று. 2024 ஜூலையில் ஏற்றிய ரீசார்ஜ் விலையையும் வாயைத் திறக்காமல் கொடுக்கிறோம். அந்த விளம்பர வீடியோ ஓடுவதே நம் டேட்டாவில்தான். இதற்கு மேலும் கட்டினால்தான் சாவு வீட்டில் நிம்மதி என்றால், கட்ட முடியாதவர் எங்கே போவார்?

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். அதற்கு முன்பு ஒரு ஜிபிக்கு 200 ரூபாய்க்கு மேல் கொடுத்து, வீடியோவைத் திறக்கவே யோசித்தோம். என் தங்கை மகன் பத்தாம் வகுப்புக் கணக்கைப் போனில் பார்த்துத்தான் தேறினான். வீடியோ வேண்டாம் என்று யார் சொன்னது? ஏற்கெனவே காசு கொடுத்தவன் தலையில் எதை வேண்டுமானாலும் கொட்டலாம் என்பது என்ன நியாயம் என்றுதான் கேட்கிறேன்.

"பாடுகிறவருக்கு வருமானம் வேண்டாமா?" வேண்டும். நியாயமான கேள்விதான். ஆனால் வருமானப் பங்கு பெறாத சிறு சேனல்களிலும் விளம்பரம் போட்டுக்கொள்ளலாம் என்று யூடியூப் தன் விதியை மாற்றியதே, 2021 ஜூனில் அது நமக்கும் வந்ததே, அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? ஊர்க் கோயிலில் பாடியதை ஆசையாக ஏற்றிவைத்த ஓதுவாருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. பிறகு யாருடைய வருமானத்துக்காக நான் வாயை மூட வேண்டும்?

"ஸ்கிப் பண்ணிட்டுப் போங்க" என்பவர்கள் ஒருநாள் என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் வரும் அந்தப் பட்டனை, மாவு காய்ந்த கட்டைவிரலால் அழுத்துவார். விரல் விளம்பரத்தின் மேல் படும். உடனே வேறு பக்கம் திறந்துகொள்ளும். "நான் எதையும் தொடலப்பா" என்று பதறுவார்.

இது விளையாட்டு இல்லை. அப்படித் திறப்பது ஒரு கடன் செயலியின் பக்கமாகவும் இருக்கலாம். கடன் செயலிகள் நம் போனில் இருக்கும் நம்பர்களை எடுக்கக்கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கியே விதி போட்டது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்கியதால்தானே அந்த விதியே வந்தது?

போன வாரம் அம்மாவின் போனில் அப்படி ஒரு செயலி தானாக வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. நான் பார்க்கும்போது ஆதார் எண் கேட்கும் பக்கத்தில், கையில் அட்டையோடு நின்றிருந்தார். "ஏதோ பேங்க்காரங்க கேக்குறாங்கப்பா" என்றார். இதற்கும் மாதாமாதம் கட்டச் சொல்வீர்களா?