'-லி' வந்தால் 'ஆக' போடு என்பது பாதிதான் சரி

ஆங்கில வினையடைக்குப் பள்ளியில் ஒரே சூத்திரம்தான். சொல்லின் வாலில் '-லி' இருந்தால் தமிழில் 'ஆக' போடு. ஸ்லோலி – மெதுவாக, கிளியர்லி – தெளிவாக. தேர்வுக்கு இது போதும், ஒரு பக்கம் மொழிபெயர்க்கப் போதாது. அந்த '-லி' எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று இந்தச் சூத்திரம் பார்ப்பதே இல்லை.

'ஹி ஆன்சர்ட் ஃபூலிஷ்லி' என்றால் அவன் முட்டாள்தனமாகப் பதில் சொன்னான், அதாவது பதில் மோசம். 'ஃபூலிஷ்லி, ஹி ஆன்சர்ட்' என்றால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அவன் பதில் சொன்னதே முட்டாள்தனம். பதில் பிரமாதமாகக்கூட இருந்திருக்கலாம். முதலாவதில் வினையடை வினையைத் தொடுகிறது, இரண்டாவதில் சொல்பவரின் தீர்ப்பாக முழு வாக்கியத்தின் மேலும் நிற்கிறது. இரண்டுக்கும் 'முட்டாள்தனமாக' என்று எழுதிவிட்டு நகர்கிற மொழிபெயர்ப்புகள் ஏராளம். தீர்ப்பாக வரும் வினையடைக்குத் தமிழில் நல்ல வடிவம் இருக்கிறது: வினையைத் தொழிற்பெயராக்கி ஏகாரம் கொடுத்து, தீர்ப்பைப் பயனிலையாக வைப்பது. 'சொன்னதே தப்பு', 'போனதே புண்ணியம்' என்று வீட்டில் பேசுகிறோமே, அதுதான். முன்னால் வந்து கமாவும் இருந்தால் பெரும்பாலும் தீர்ப்பு, கடைசியில் வந்தால் பெரும்பாலும் விதம். எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் வந்தால்தான் தலைவலி, அங்கே முன்பின் வாக்கியங்களைப் படிக்காமல் முடிவெடுக்கக் கூடாது.

இதிலும் வில்லங்கமானது 'சென்சிபிலி'. 'ஷி டிரெஸ்ட் சென்சிபிலி' என்றால் இடத்துக்கும் பருவத்துக்கும் ஏற்ற உடை. 'சென்சிபிலி, ஷி ஸ்டேய்ட் அட் ஹோம்' என்றால் வீட்டிலேயே இருந்தது புத்திசாலித்தனம். இதுவரை பழைய கதைதான். ஆனால் 18, 19ஆம் நூற்றாண்டு உரைநடையில் 'தி ஏர் குரூ சென்சிபிலி கூலர்' என்ற மாதிரி வரும். காற்று புத்தியோடு குளிரவில்லை, உடம்புக்குத் தெரியும் அளவுக்குக் குளிர்ந்தது. 'இன்சென்சிபிலி' அதற்கு எதிர்: கண்ணுக்கும் கருத்துக்கும் தெரியாமல், மெல்ல மெல்ல. அதை 'உணர்ச்சியற்று' என்று எழுதினால் பத்தியே கெட்டது. இந்தப் பழைய பொருள் செத்துப்போகவும் இல்லை. ஏசி பொறியாளர்கள் தினமும் சொல்லும் 'சென்சிபிள் ஹீட்' என்பது வெப்பமானியில் ஏற்ற இறக்கமாகத் தெரியும் வெப்பம். தெரியாமல் ஈரப்பதத்தில் ஒளிந்திருப்பது உள்ளுறை வெப்பம்.

'சென்ஸ்' என்ற ஒரே சட்டிக்குள் ஆங்கிலம் மூன்றைப் போட்டு வைத்திருக்கிறது: பொருள், புத்தி, புலன். தமிழில் மூன்றும் தனித்தனி. நடுவில் நிற்பது அயர்லாந்தின் ஐரிஷ். அந்த மொழியில் 'கீயல்' என்றொரு சொல், எழுத்துக்கூட்டல் சி-ஐ-ஏ-எல்-எல். பொருளும் அதுதான், புத்தியும் அதுதான். 'கட் இஸ் கீயல் லெஷ்?' என்றால் 'இதற்கு என்ன அர்த்தம்?' 'தா ஷே அஸ் அ ஹீயல்' என்றால் ஆள் புத்தி பேதலித்துப் போனார். இரண்டிலும் ஒரே சொல், இரண்டாவதில் முதல் ஒலி மட்டும் மாறியிருக்கிறது. ஐம்புலன்களுக்கு மட்டும் 'கேட்ஃபா' என்று வேறு சொல். ஆக ஆங்கிலத்தில் ஒன்று, ஐரிஷில் இரண்டு, தமிழில் மூன்று. 'சென்சிபிலி'க்கு நேரான ஐரிஷ் வினையடை 'கு கீயல்வர்'. இது 'புத்தியோடு' என்பதற்கு மட்டும்தான் ஆகும். மேலே சொன்ன குளிர்ந்த காற்றுக்கு இதைப் போட்டால் ஐரிஷிலும் அபத்தம்தான்.

'கீயல் ஹ்யானிஹ' என்றொரு தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் 'வாங்கிய புத்தி'. காசு கொடுத்து வாங்கியதில்லை, பட்டு வாங்கியது. நம்மூரில் 'பட்டால்தான் புத்தி வரும்' என்கிற அதே சங்கதி. ஐரிஷுக்கு அக்கம்பக்கத்து உறவான வெல்ஷ் மொழியில் இதே வேர் 'ப'கர ஒலியில் தொடங்கும் சொல்லாக நிற்கிறது, அதை வைத்து அங்கே 'பார்த்து, நிதானமா' என்ற பொருளில் ஒரு தொடரே இருக்கிறது. புத்தி அங்கே வேகத்தடையாகிவிட்டது.

ஐரிஷ் வினையடையின் அமைப்பையும் பார்த்துவிடலாம். பெயரடைக்கு முன்னால் 'கு' வைத்தால் வினையடை: 'மா' நல்ல, 'கு மா' நன்றாக. நம் 'ஆக' பின்னால் ஒட்டுகிறது, அவர்களுடையது முன்னால் நிற்கிறது, அவ்வளவுதான் என்று தோன்றும். ஆனால் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் ஐரிஷ்காரர் 'தா மே கு மா' என்பார். 'இரு' வினையோடு வினையடை வடிவம்! நாம் 'நல்லா இருக்கேன்' என்கிறோமே, அச்சு அசல் அதே கட்டுமானம். இங்கே 'ஐ ஆம் குட்' சரியா, 'ஐ ஆம் வெல்' சரியா என்று ஆங்கிலத்துக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஐரிஷில் எல்லாப் பெயரடையும் இப்படி வராது. நல்லது, கெட்டது, அழகு போன்ற சில மதிப்பீட்டுச் சொற்களோடுதான் 'இரு'வுக்குப் பின் 'கு' வரும். 'அவர் புத்திசாலியாக இருக்கிறார்' என்பதற்கு 'கு' இல்லாமல் வெறும் 'கீயல்வர்' போதும்.

காலம் காட்டும் வினையடைகளில் சறுக்கல் வேறு மாதிரி. 'பிரசன்ட்லி' என்றால் என்ன? 1611ஆம் ஆண்டின் ஆங்கில பைபிளில் மத்தேயு 21:19இல் அத்திமரம் 'பிரசன்ட்லி' பட்டுப்போகிறது. தமிழ் பைபிளில் அது சரியாக 'உடனே'. பிற்காலப் பிரிட்டிஷ் நாவலில் அதே சொல் 'சற்று நேரத்தில்'. அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் நம்மூர் அலுவலகக் கடிதத்திலும் 'தற்போது'. 'பை அண்ட் பை'யும் அப்படித்தான். அதே பைபிளில் மாற்கு 6:25இல் யோவானின் தலையைக் கேட்பவள் 'பை அண்ட் பை' என்கிறாள், தமிழில் 'இப்பொழுதே'. இன்றைய ஆங்கிலத்தில் அது 'போகப் போக'. 'சூன்' என்பதும் பழைய ஆங்கிலத்தில் 'உடனே'தான். காரணம் மொழியில் இல்லை, ஆளிடம் இருக்கிறது. 'இதோ வந்துட்டேன்' என்று சொல்லிவிட்டு அரைமணி கழித்து வருகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு, சொல் அவர்களோடு சேர்ந்து தாமதமாகிறது. 'பிரசன்ட்லி'யைப் பிரித்தறிய வினையைப் பாருங்கள். நிகழ்காலத்தில் '-இங்' வினையோ 'இஸ், ஆர்' மட்டுமோ இருந்தால் 'தற்போது'. எதிர்காலமோ, கதை சொல்லும் இறந்தகாலமோ இருந்தால் 'சற்று நேரத்தில்'. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ வந்த எழுத்தென்றால் 'உடனே'யை முதலில் போட்டுப் பாருங்கள்.

'குவைட்'டுக்கு ஒரே சோதனை. பக்கத்துப் பெயரடைக்கு 'வெரி' போட முடியுமா? 'வெரி இம்பாசிபிள்' என்று யாரும் சொல்வதில்லை, ஆகவே 'குவைட் இம்பாசிபிள்' என்றால் முற்றிலும் முடியாது. 'வெரி குட்' உண்டு, ஆகவே 'குவைட் குட்' நாட்டைப் பொறுத்தது: அமெரிக்கர் எழுதினால் ரொம்ப நல்லது, பிரிட்டிஷ்காரர் எழுதினால் பெரும்பாலும் பரவாயில்லை ரகம். பிரிட்டிஷ் பேராசிரியர் தரும் பரிந்துரைக் கடிதத்தில் இந்தச் சொல் இருந்தால் சந்தோஷப்பட அவசரம் வேண்டாம்.

'ஹோப்ஃபுலி'யை 'நடக்கும் என்று நம்புவோம்' என்ற பொருளில் வாக்கியத்தின் தலையில் வைக்கலாமா என்ற சண்டை 1960களில் சூடுபிடித்தது. ஏபி செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடு 2012இல் ஒத்துக்கொண்டதும் ஓரளவு அடங்கியது. என் கணக்கில் அது வீண் சண்டை. 'ஃபூலிஷ்லி'க்கு அந்த இடம் உண்டென்றால் இதற்கு மட்டும் ஏன் கூடாது? 'ஹார்ட்லி'யில்தான் நிஜ ஆபத்து. கடினமாக உழைத்தான் என்று நினைத்து 'வொர்க்ட் ஹார்ட்லி' என்று எழுதுகிறவர்கள் 'ஹார்ட்லி வொர்க்ட்' என்பதன் பக்கத்தில் போய் நிற்கிறார்கள், அதற்குப் பொருள் கிட்டத்தட்ட வேலையே செய்யவில்லை.

அயர்லாந்துக்காரர் ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஆஃப்டர் ஈட்டிங்' என்று சொன்னால் சாப்பாடு எடுத்து வைத்துவிடாதீர்கள். 'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்கிறார். ஐரிஷ் வாக்கிய அமைப்பு அப்படியே ஆங்கிலச் சட்டை போட்டிருக்கிறது.

'கீயல்' காதில் எப்படி ஒலிக்கும் என்று கேட்க விரும்பினால் 'டெங்லன்' என்ற இணைய அகராதியில் மூன்று வட்டார உச்சரிப்பும் பதிவாகி இருக்கிறது. நியால் ஓ டோனலின் 1977 அகராதியும் அதே இடத்தில் தேடக் கிடைக்கும். ஒன்று மட்டும்: ஐரிஷில் சொல்லின் தலையும் மாறும். நூலில் கண்ட சொல் அகராதியில் அகப்படவில்லை என்றால், சி-க்குப் பின்னால் ஹெச் ஒட்டியிருக்கிறதா, முன்னால் ஜி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து அதை எடுத்துவிட்டுத் தேடுங்கள்.