கோப்புக் கண்காணிப்பும் அறுபடாத ஒலியும்
கோப்பைச் சேமித்தவுடன் ஒலிச் செயலாக்க நிரலைத் தானே கம்பைல் செய்து (கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றி), ஒலியின் ஓட்டத்தை நிறுத்தாமலே மாற்றிவிடும் கருவியை ஒரு கட்டுரை பாராட்டியிருப்பதைப் படித்தேன்; அந்தப் பாராட்டு முற்றிலும் பொருத்தம். ஒலி வடிகட்டியில் ஓர் எண்ணை மாற்றிவிட்டு அரை நிமிடம் காத்திருந்தால், முன்பு கேட்ட ஒலி காதில் நிற்பதில்லை. பிறகு எதை எதனோடு ஒப்பிடுவது? ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். நொடிக்கு 48,000 சாம்பிள்கள் (ஒலியின் அளவீட்டு எண்கள்), ஒவ்வொரு சுற்றிலும் நிரப்பும் தற்காலிக நினைவிடமான பஃபரில் 256 சாம்பிள்கள் என்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் கிடைப்பது ஏறத்தாழ 5.3 மில்லிநொடிதான், ஆகவே புதிய நிரலை ஏற்றும் வேலையை ஒலி த்ரெட்டில் (ஒலியைத் தயாரிக்கவே தனியே ஓடும் செயல்வரிசையில்) செய்யாமல் வேறொன்றில் முடித்துவிட்டு, பழைய ஒலியைத் தணித்துக்கொண்டே புதியதை உயர்த்தினால்தான் 'டிக்' என்ற வெடிப்பு எழாது. சில எடிட்டர்கள் புதிய கோப்பை எழுதி அதற்குப் பழைய பெயரைச் சூட்டுவதால், கண்காணிப்பு பழைய கோப்போடு நின்றுவிடும்; ஆகவே கோப்பு மாறியதைக் கருவி அறிய, லினக்ஸில் தனிக் கோப்பைவிட அது இருக்கும் ஃபோல்டரைக் கண்காணிப்பதே நம்பகமானது.