எல்லாவற்றையும் செய்து கொடுப்பது பராமரிப்பு ஆகாது

"முழுநேர ஆள் வைத்து எல்லா வேலையையும் செய்து கொடுத்தால் முதியவர் கடைசிவரை வீட்டிலேயே இருக்கலாம்" என்று சிலர் சொல்வது தவறான வழிகாட்டல். எழுந்து நடமாடாதவருக்குத் தொடைத் தசை வேகமாகக் கரையும். சில வாரங்களில் நாற்காலியிலிருந்து எழவே ஆள் தேவைப்படலாம். நல்ல பராமரிப்பாளர் சட்டையைத் தானே மாட்டிவிட மாட்டார். பலவீனமான கையை முதலில் நுழைக்கச் சொல்லி, பொத்தானுக்கு மட்டும் உதவுவார். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும்.

இருக்கை முழங்கால் மடிப்பு உயரத்துக்குக் குறையக் கூடாது. தாழ்ந்த சோஃபாதான் பலரை முடக்குகிறது. கழிப்பறைக் கைப்பிடியைச் சுவரில் துளையிட்டுத் திருகாணியால் பொருத்துங்கள். துண்டு மாட்டும் கம்பி உடல் எடையைத் தாங்காது. படுக்கையிலிருந்து சட்டென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும்; ஓரிரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்து எழட்டும். மறதி நோய் முற்றியவருக்கு முழுநேர ஆள் வேண்டியதுதான், அது வேறு கணக்கு.