அகேடியாவில் முன்பதிவு எதற்கு, எதற்கு இல்லை

கோடையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் இருக்கும் அகேடியா தேசியப் பூங்காவுக்குள் நுழையவே முன்பதிவு வேண்டும், கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் போவதே வீண் என்று இங்கே சிலர் சொல்லியிருக்கிறார்கள். அது சரியல்ல. காடிலாக் மலை உச்சிக்குக் காரில் ஏறும் அந்த ஒரு சாலைக்குத்தான் முன்பதிவு. அதுவும் மே கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை. பார்க் லூப் சாலை, சாண்ட் பீச், ஜோர்டன் குளம் எல்லாவற்றுக்கும் நுழைவுச் சீட்டு இருந்தால் போதும். (பார்க்கிங் கிடைப்பது வேறு கதை.) உச்சிக்கே நடந்தோ சைக்கிளிலோ போகிறவர்களுக்கும் முன்பதிவு தேவையில்லை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், அமெரிக்க அரசின் முன்பதிவுத் தளமான ரெக்ரியேஷன்.கவ்-இல் (Recreation.gov) நுழைவுச் சீட்டும் கிடைக்கிறது, இந்த வாகன முன்பதிவும் கிடைக்கிறது. இரண்டும் தனித்தனி, ஒன்றை வாங்கினால் மற்றது சேர்ந்து வராது. இன்னொன்று, காடிலாக் உச்சியில் சூரிய உதயம் பார்ப்பதற்கான முன்பதிவு இடங்கள் தீர்ந்ததைப் பார்த்துவிட்டு 'எல்லாம் போச்சு' என்று முடிவு செய்துவிடுகிறார்கள். 90 நாளுக்கு முன்பு திறப்பது 30 சதவீத இடங்கள்தான். மீதி 70 சதவீதம், போகும் தேதிக்கு 2 நாள் முன்பு, அங்கத்திய நேரம் காலை 10 மணிக்குத் திறக்கும்.

சரிபார்க்க, தேசியப் பூங்கா சேவையின் தளத்தில் அகேடியா பக்கத்தைத் திறந்து, வாகன முன்பதிவு பற்றிய பகுதியைப் பாருங்கள். எந்தச் சாலைக்கு, எந்தத் தேதிகளில் என்று அங்கேயே இருக்கிறது. தேதிகள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் நகரும். நீங்கள் போகும் வருடத்துக்கானதைப் பாருங்கள்.