இடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றுதான் கேட்டேன்

முகநூலில் ஒரு தம்பி போட்ட அந்த ஆமை வீடியோவைப் பெரும்பாலானவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக இங்கே மறுபடி பகிரப் போவதில்லை. ஏன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

தம்பி ஆமையைத் தூக்கிக் காட்டினார், மல்லாக்கப் புரட்டிக் காட்டினார், அது காலை உதறும்போது சிரித்தார். சரி, ஆர்வக் கோளாறு, போகட்டும். அப்புறம் வழி சொன்னார் பாருங்கள். "பாலத்துக்கு இடப்பக்கம் இறங்கி கரையோரமா நடந்தா ஒரு பாறை வரும், தினமும் அங்கதான் வெயில் காயும்." போதாதென்று லொகேஷனும் போட்டிருந்தார். நான் கீழே எழுதியது ஒரே வரி: "அருமையான படம் தம்பி, இடத்தை மட்டும் எடுத்துவிடுங்கள்." வந்த பதில்: "அக்காவுக்குப் பொறாமை." அதற்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளை நான் எண்ணவில்லை.

பொறாமை! ஒரு பாறைமேல் எனக்கு என்ன பொறாமை?

சொல்ல வந்தது இவ்வளவுதான். காட்டு ஆமை எங்கே இருக்கிறது என்று பொதுவெளியில் எழுதாதீர்கள். படம் போடுங்கள், வீடியோ போடுங்கள், கவிதைகூட எழுதுங்கள். இடம் வேண்டாம். நன்னீர் ஆமைகளில் பல, வருடக்கணக்கில் ஒரே ஓடையில், ஒரே மடுவில் இருக்கும். வெயில் காய அதே கட்டை, முட்டையிட வருடா வருடம் அதே மணல்திட்டு. அந்தத் திட்டு தெரிந்த ஒருத்தன் ஒரு சாக்கோடு ஒரே ராத்திரி வந்தால் போதும்.

"யார் வரப்போகிறார்கள்? சும்மா பயமுறுத்தாதீர்கள்" என்று இன்னொருவர் உபதேசம் செய்திருந்தார். வந்திருக்கிறார்கள் ஐயா. இந்தோனேசியாவின் ரோட்டித் தீவில் பாம்புக் கழுத்து ஆமை ஒன்று உண்டு. அது தனி இனம் என்று 1994-ல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். புது இனம், ஒரே ஒரு சின்னத் தீவில் மட்டும் இருப்பது என்று தெரிந்ததும் செல்லப்பிராணி வியாபாரிகளிடம் அதற்குக் கிராக்கி ஏறியது. சில வருடங்களிலேயே பிடித்து விற்பவர்களே அலைந்து தேட வேண்டிய அளவுக்கு அது குறைந்துபோய்விட்டது. இன்று மிக அருகிவிட்ட இனங்களில் ஒன்று. பெயரோடு முகவரியும் சேர்ந்து வெளியே போனதன் பலன். அரிதாக ஆக ஆக விலை ஏறும், விலை ஏற ஏறத் தேடுவார்கள். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

திருடன் என்றுகூட இல்லை. அமெரிக்காவின் கனெக்டிகட்டில் மர ஆமை (wood turtle) என்ற இனத்தின் இரண்டு கூட்டங்களை 20 வருடம் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 1995-ல் வெளிவந்தது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லாதவரை ஆமைகளின் எண்ணிக்கை குறையவே இல்லை. 1983-ல் நடைப்பயணத்துக்கும் மீன்பிடிக்கவும் இடத்தைத் திறந்துவிட்டார்கள். பத்தே வருடத்தில் இரண்டு கூட்டமும் சுத்தமாக இல்லாமல் போயின. வந்தவர்களில் பெரும்பாலோர் நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஒருத்தர் வீட்டுக்கு ஒன்று எடுத்துப் போயிருப்பார், இன்னொருத்தரின் நாய் கடித்திருக்கும், அவ்வளவுதான். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பார்கள்; ஆள் புகுந்த ஓடையைப் பற்றிப் பழமொழி சொல்ல ஆமைக்கு வாயில்லை.

"நாலைந்து போனால் என்ன, அதுதான் நிறைய முட்டை இடுகிறதே!" இதைச் சொன்னவர் பெயருக்குப் பின்னால் பட்டமும் போட்டிருந்தார். இடும். நரியும் கீரியும் தின்றது போக, வெள்ளத்தில் அழுகியது போக, பொரித்து வந்த குஞ்சில் எத்தனை பெரிசாகும்? அமெரிக்காவின் மிச்சிகனில் பிளாண்டிங் ஆமை என்ற நன்னீர் இனத்தை 1950-களிலிருந்து கவனித்து வருகிறார்கள். அங்கே பெண் ஆமை முதல் முட்டை இடவே 14 வருடத்துக்கு மேல் ஆகிறது. வருடத்துக்கு நூறு பெரிய ஆமைகளில் 96 பிழைத்திருக்கும் கணக்கில்தான் கூட்டம் தாக்குப்பிடிக்கிறது. நாலைந்து போனால் என்ன என்பதற்கு இதுதான் பதில். 1954-ல் ஓட்டில் அடையாளம் போட்டு விட்ட ஒரு பெண் ஆமை 2016-ல் மறுபடி அகப்பட்டது. குறைந்தது 83 வயது என்றார்கள். அடையாளம் போட்டவர்கள் ஓய்வு பெற்று, அடுத்த தலைமுறை வந்த பிறகும் அது அங்கேயே இருந்தது. அப்படி ஒரு கிழவியைத்தான் நம் தம்பி மல்லாக்கப் போட்டுச் சிரிக்கிறார்.

"நீங்களும்தானே பிடிக்கிறீர்கள், ஓட்டை அரத்தால் ராவுகிறீர்கள், அது மட்டும் சித்திரவதை இல்லையா?" இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் அதிகம் வலித்தது. ஆமாம், ஆய்வுக்காகப் பிடிக்கிறோம். வளையக் கூண்டு வலையைப் போடும்போது மேல்பக்கம் தண்ணீருக்கு வெளியே நிற்கும்படி உள்ளே காலி பாட்டிலை மிதக்கவிடுவோம். முழுக்க முங்கினால் ஆமை மூச்சு முட்டிச் செத்துவிடும். ராத்திரி மழை பெய்து நீர் ஏறினால் தூக்கம் வராது, இருட்டிலேயே கிளம்பிப் போய்ப் பார்ப்போம். காலிப்பர் என்ற அளவுக்கருவி வைத்து ஓட்டை அளப்பது, எடை போடுவது, பின்னங்காலுக்கு முன்னால் மெத்தென்று இருக்கும் இடத்தில் விரல் நுனியை அழுத்தி முட்டை தட்டுப்படுகிறதா என்று பார்ப்பது, அடையாளத்துக்கு ஓட்டின் விளிம்பில் சின்னதாக ஒரு காடி, அதாவது அரத்தால் ராவிய வெட்டு. கொஞ்ச நேரத்தில் எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவோம். பல வருடம் கழித்து அதே காடி, ஓரம் தேய்ந்து மழுங்கிப்போய், மறுபடி கைக்கு வரும்போது இருக்கும் சந்தோஷத்தை வீடியோவில் காட்ட முடியாது. எந்த ஆமை எங்கே வாழ்கிறது, சாகிறது என்பது தெரிய எங்களிடம் இதைத் தவிர வழியில்லை. போதுமா?

நாங்கள் அப்படிப் பார்த்துவந்த ஓர் ஓடைப்பகுதி. கூட வந்த ஒருவர், நல்ல எண்ணத்தில்தான், படத்தோடு இடத்தையும் போட்டார். சொல்லி எடுக்க வைப்பதற்குள் அது பல குழுக்களில் சுற்றிவிட்டது. அடுத்த பருவத்தில் கரை வேர்களில் எங்களுடையது அல்லாத தூண்டில் கயிறுகள் கட்டிக் கிடந்தன. கூண்டு நாளுக்கு நாள் காலியாக வந்தது. அந்தப் படத்தால்தான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. நீங்களும் அப்படியே சொல்வீர்கள், தெரியும். காடி போட்ட பெரிய பெண் ஆமைகளில் ஒன்றைக்கூட அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை, அது எனக்குப் போதும்.

"அறிவைப் பூட்டி வைக்கிறீர்கள், படித்தவர்களின் ரகசிய சங்கம்" என்பது இன்னொரு அடி. யாரிடமிருந்து பூட்டுகிறோம்? கரையில் வாழ்பவர்களுக்கு எல்லாம் தெரியும், எங்களுக்கே அவர்கள்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். 1912-ல் விவரிக்கப்பட்டு, அப்புறம் பல பத்து வருடம் ஆராய்ச்சியாளர்கள் கண்ணிலேயே படாத பிரம்பு ஆமையை ஆமை ஆராய்ச்சியாளர் ஜெ. விஜயா 1982-ல் கேரளத்தின் சாலக்குடிக் காட்டில் மறுபடி கண்டுபிடித்தார் என்றால், அங்கே வாழும் காடர் பழங்குடி மக்களின் துணையோடுதான். அவர் காட்டிலேயே தங்கிப் பார்த்தார். இன்று அந்த ஆமையின் பேரினப் பெயரே விஜயாகெலிஸ். (அது தண்ணீர் ஆமை இல்லை, தரையில் திரிவது என்று திருத்த வருபவர்கள் வரலாம், எனக்கும் தெரியும்.) ஊர்க்காரருக்குத் தெரிவது வேறு, முகம் தெரியாத லட்சம் பேருக்கு வரைபடத்தில் புள்ளி வைத்துக் கொடுப்பது வேறு. பார்த்த உயிரினங்களைப் படத்தோடு பதியும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளமே, ஆபத்தில் இருக்கும் உயிரினம் என்றால் இடத்தைத் தானாகவே பல கிலோமீட்டர் அகலத்துக்குக் கலைத்துத்தான் காட்டும். அவர்களுக்கும் பொறாமையா?

ஆமை இருப்பதே யாருக்கும் தெரியாவிட்டால் குளத்தைத் தூர்த்துவிடுவார்களே என்று ஒரு தோழி உள்பெட்டியில் கேட்டார். நியாயம்தான். அதற்கு வனத்துறைக்கு எழுதலாம், ஆய்வு செய்பவர்களிடம் சொல்லலாம். ரீல்ஸ் போட்டு எந்தக் குளம் பிழைத்தது என்று காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

உண்மையில் கோபம் அந்தத் தம்பிமேல்கூட இல்லை. வயது அப்படி, லைக் அப்படி. என் பக்கத்தில் வருடக்கணக்காக இருந்து, நான் எழுதும் ஆமைக் கதைக்கெல்லாம் ஆர்ட்டின் போடுபவர்கள் சிலர் அந்தப் "பொறாமை" கமெண்டுக்கும் சிரித்திருந்தீர்கள். பெயர் எல்லாம் தெரிகிறது, முகநூல் அந்த வசதியைச் செய்து கொடுத்திருக்கிறது. ஒருத்தராவது "அக்கா சொல்வதில் என்ன தப்பு" என்று எழுதியிருக்கலாம்.

அந்த வீடியோவில் இடம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ரிப்போர்ட் செய்துவிட்டேன், நீங்களும் செய்யுங்கள். இதற்குக் கீழே வந்து "அது எந்தப் பாலம்?" என்று கேட்கும் கமெண்டையும், ஆர்வமாகப் பதில் சொல்லும் கமெண்டையும் சேர்த்தே அழிப்பேன். கோபித்துக்கொள்கிறவர்கள் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம்.